கூடம் அடங்கியபோது

— இன்னொரு தடவை கை தட்டினே, தம்பின்னு பாக்க மாட்டேன். வெளியே தள்ளிக் கதவைச் சாத்திடுவேன்.

— ஒரே ஒரு தடவைக்கா. இப்பக் கேளு... கேட்டியா? நான் நிறுத்தின பிறகும் இந்தக் கூடம் தட்டிக்கிட்டே இருக்கு. கீழே டைல்ஸ், அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, சுவத்துல பேருக்குக்கூட ஒரு துணி இல்ல. மாமா ஒரு வார்த்தை சொன்னா அது எல்லாத்துலயும் மோதிட்டு வந்து உன் காதுல அறையுது.

— அப்படிச் சொல்லுடா மச்சான்! நான் சாதாரணமாத்தான் பேசறேன். உங்கக்கா உடனே, ஏன் கத்தறீங்கன்னு ஆரம்பிச்சுடறா.

— இப்பவும் கத்தறீங்க.

— நான் எங்கடி கத்தறேன்!

— இருங்க மாமா, இருங்க. நடக்கறதே இதான். உங்க குரல் இந்தக் கூடத்தை ரொப்பிடுது. அவ பேசறது அவளுக்கே கேக்கல, குரலை ஒசத்தறா. அதுக்கு மேல நீங்க ஒசத்தறீங்க. கேன்டீன்ல சாப்பிடறவங்க எல்லாரும் கத்தித்தானே பேசறாங்க? யாருக்கு யார் மேல கோவம்? அரங்கம் அரங்கமாப் போய் ஒலி சரி பண்றவன் நான். என் சொந்த அக்கா வீட்டைப் பண்ண மாட்டேனா?

— பழைய வீட்டுல எங்களுக்குள்ள சண்டையே கிடையாதுடா மச்சான்.

— அங்க திரைச்சீலை இருந்துச்சு, சோபா இருந்துச்சு, ஒரு மூலை நெறைய பழைய பேப்பர். எல்லாம் சத்தத்தைக் குடிக்கும் மாமா. அத்தனையும் வித்துட்டு மொழுக்குன்னு வந்து நிக்கறீங்க.

— யாரைக் கேட்டு வித்தார்னு கேளு.

— பாரு, ஆரம்பிச்சுட்டா.

— போதும், ரெண்டு பேரும். மாமா, மெத்தைங்களைத் தூக்குங்க. போர்வை, கம்பளி, எது கெடச்சாலும் கொண்டாங்க. கண்ணாடி வெளியே தெரியக் கூடாது. அக்கா, அந்தப் பெட்டியில துணிதானே? குடு, இந்தச் சுவத்துல மாட்டலாம்.

— அதைத் தொடாதே.

— துணிதானேக்கா...

— தொடாதேன்னேன்ல.

— விடுடா. ஏதோ கோவத்துல கட்டி வெச்சிருக்கா. என் சட்டை பேன்ட் எல்லாத்தையும் எடுத்துக்கோ. பீரோவையே காலி பண்ணு. மெத்தையை இப்படிச் சாச்சா போதுமா?

— இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம். இப்பத் தட்டறேன்... பாத்தீங்களா? பட்டுனு செத்துப்போச்சு.

— அட, ஆமா! காதுல யாரோ பஞ்சை அடைச்ச மாதிரி இருக்கேடா. ஒரு மாதிரியா இருக்கு.

— பழகிடும். பேசுங்க மாமா. சுவத்தைப் பாத்து இல்ல, அக்காவைப் பாத்து.

— திடீர்னு பேசுன்னா என்னத்தைப் பேச? ஏய்... இந்தாம்மா. சாப்பிட்டியா?

— உங்க குரல் ஏங்க இப்படி நடுங்குது?

— நடுங்குதா? நாள் பூரா பஸ் எஞ்சின் பக்கத்துல உக்கார்றவனுக்கு என்ன தெரியும்? நீ போயிடுவியோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. அதான்.

— எனக்கு மிரட்டற மாதிரிதான் கேட்டுச்சு. இவ்வளவு நாளும்.

— நான் சொல்லலக்கா? மனுஷன் கெஞ்சினதை இந்த வீடு மிரட்டலா மாத்திடுச்சு! இப்ப நீ பேசு. மனசுல இருக்கறதைச் சொல்லு.

— எங்க ஆஸ்பத்திரியோட இன்னொரு கிளைக்கு நர்ஸ் கேட்டாங்க. தூரத்து ஊரு. போறேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.

— தெரியும்மா. போன வாரம் சண்டையில கத்துனியே.

— சண்டைக்காக இல்லைங்க. பழைய வீட்டுல இருக்கும்போதே குடுத்துட்டேன். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க நல்லவருதான். வார்டுல அத்தனை பேர் கதையையும் கேட்டுட்டு வீட்டுக்கு வர்றப்ப, உங்ககிட்டச் சொல்ல என்கிட்ட ஒண்ணுமே இருக்கறதில்ல. ரொம்ப வருஷமாவே.

— அக்கா, இரு, இப்ப எதுவும் முடிவு பண்ணாதே. அந்த மூலை இன்னும் சரியா மூடல. நான் கம்பளியைக் கொஞ்சம் நகத்தி...

— வேணாம்டா மச்சான். எல்லாத்தையும் எடுத்துடு. அவ கத்தின வரைக்கும், அது வெறும் கோவம்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.