ஐந்தாவது டோஸ்

மாட்டுக்கு ஊசி போடுவதில் எனக்கு நல்ல கை, சார். பம்மலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சத்தியநாதன் சார் போட்டால் மாடு திரும்பிக்கூடப் பார்க்காது என்பார்கள். கால்நடைத் துறையில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. தாமதமாகப் போவது எனக்குப் பிடிக்காது. மருந்தை வீணாக்குவது அதைவிடப் பிடிக்காது.

ஒரு மாட்டின் காது அட்டையில் வயது ஒத்துப்போகவில்லை என்றுதானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன். கன்றுவீச்சு நோய்க்கான தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. பெண் கன்றுக்கு நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே முறை போட வேண்டும். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வயிற்றிலேயே செத்து விழும். ஊசி முதலில், சினை பிறகு. இதைத் தெருத்தெருவாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஒரு குப்பியில் ஐந்து டோஸ். கலக்கிவிட்டால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். ஐந்து கன்று இருக்கிறது என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுத்தான் அன்று கலக்கினேன். நான்குக்குப் போட்டாயிற்று. ஐந்தாவது கன்றை அதன் சொந்தக்காரன் முந்தின வாரமே விற்றிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா, சனியன் பிடித்தவன். நான் இதுவரை ஒரு சொட்டு கொட்டியதில்லை, சார்.

பக்கத்துச் சந்தில் முத்தாலம்மாளின் செவலைக் கிடேரி கட்டியிருந்தது. வயது தாண்டியதுதான், ஆனால் பார்வைக்குச் சின்னதாக இருக்கும். தண்ணீர் லாரிக்காக நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "ஏம்மா, சினையா?" என்று கேட்டேன்.

"ஐய, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சும்மாதான் கீது," என்றார் முத்தாலம்மாள்.

அப்படித்தான் சொல்வார் என்று தெரியும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். வயிறு தானாகத் தெரியும்வரை அங்கே யாரும் சினையை வெளியில் சொல்வதில்லை. ஐந்து மாதம் முன்பு அந்தக் கிடேரிக்குச் சினை ஊசி போட்டதே நான்தான். மூன்றாம் மாதம் உள்ளே கையை விட்டுப் பார்த்து, சினை நின்றுவிட்டது என்று சொன்னதும் நான்தான். "யாரண்டயும் சொல்லாத சார்" என்றார், நானும் சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். அதனால்தான் தனியாகக் கேட்கவில்லை.

ஊசியைப் போட்டு, காது அட்டையில் எட்டு மாதக் கன்று என்று பதிந்துவிட்டு வந்து மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

சினையின் ஏழாம் மாதம் மாடு செத்த கன்றை வீசியது. நான் போனபோது முத்தாலம்மாளின் மருமகள் ஜெயஸ்ரீ மண்டியிட்டு உட்கார்ந்து, நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை ரத்தம். அவளுக்கே அப்போது நான்கு மாதம். இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும், வயிற்றுப் பிள்ளையைக் கலைக்கும். என் பையில் கையுறை இருந்தது. எடுத்துக் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். "சோப்பு போட்டுக் கையக் கழுவும்மா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். சாயந்திரம் ஏறும், விடியும்போது வேர்த்து இறங்கும். டெங்கு பார்த்தார்கள், டைபாய்டு பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. மாட்டுக் கிருமிக்கு ரத்தம் பாருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

"மாட்டுக்கு இன்னா வந்துச்சு சார்? அதுலேர்ந்துதான் எனக்கும் இப்படி ஆயிகினு கீது," என்றாள்.

"வெயில்தாம்மா," என்றேன். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

ஆறாம் மாதம் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. காய்ச்சல் இன்னும் விட்டபாடில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள். இன்னொரு பிள்ளை நிற்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லையாம்.

புதைத்த மறுநாள் முத்தாலம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தார். வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஊசி போடசொல்ல நீ கேட்ட. வயித்துல உயிர வச்சிகினு இல்லன்னு வாய் கூசாம சொன்னேன். அந்தப் பொய்யிதான் சார் ரெண்டு வயித்தையும் தின்னுடுச்சு. உனுக்குத் தெரிஞ்சும் நாலு பேர் எதிர்ல என்னைக் காட்டிக்குடுக்கல. எம்மேல கோவமா சார்?"

"இல்லம்மா, எழுந்திருங்க," என்றேன்.

சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அவரை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், சார்.