கழுத்துப் பட்டன்

— ‘அன்புடையீர்’னு ஆரம்பிச்சா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு மாஸ்டர். அழிச்சிட்டு வேற சொல்லுங்க.

— அழிக்கிறது என்ன லேசா? என் கட்டைவிரலை ஒரு இடத்துல வெச்சா அது இன்னொரு இடத்துல போய் நிக்குது. நீ வந்து அழிச்சுக் குடு டெய்லரம்மா.

— ஓரம் அடிச்சிட்டிருக்கேன், எழுந்திரிக்க முடியாது. அதுக்குத்தானே வாயால சொன்னாலே எழுதிக்கிற மாதிரி போன்ல வெச்சுக் குடுத்தேன். கீழே மைக் படத்தைத் தொட்டுட்டுப் பேசுங்க.

— தொட்டாச்சு. பச்சையா எரியுது. வணக்கம் மேடம். நாங்கள் சட்டை தைத்து விற்பவர்கள். முற்றுப்புள்ளி.

— முற்றுப்புள்ளியை வாயால சொல்லாதீங்க. அதையும் எழுதி வெச்சிரும்.

— எழுதிருச்சு.

— இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். ‘கொலாபரேஷன்’னு ஒரு வார்த்தை போடணுமாம். வலைப்பதிவு எழுதுறவங்களுக்கு அப்படித்தான் எழுதுவாங்களாம்.

— அப்படின்னா?

— நம்ம சட்டையை அவங்க போட்டுப் பார்க்கணும், பிடிச்சா நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதணும். ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறது.

— வண்டி நின்னு போச்சு, கொஞ்சம் தள்ளி விடுங்கன்னு கேக்கறோம். அதுக்கு இவ்வளவு பெரிய வார்த்தையா? சரி. எங்கள் சட்டைகள் தரமானவை. துணி உயர்வானது. விலை நியாயமானது. தங்கள் வலைப்பதிவில்...

— நிறுத்துங்க. இதையேதான் போன வாரம் எல்லாருக்கும் அனுப்பினோம். என்ன ஆச்சு?

— ஒருத்தர் பதில் போட்டாரே.

— உங்களுக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்னு கேட்டார். அது ஒரு பதிலா?

— நானும் மரியாதையா, ரெண்டு பேர், நானும் என் வீட்டுக்காரியும்னு உன்னையும் சேர்த்துத்தான் போட்டேன்.

— அதோட அந்தப் பக்கம் பேச்சு மூச்சே இல்லை. இன்னொரு பையன் சட்டையை வாங்கி, பட்டனுக்கு உள்ளே தைச்சிருந்த காந்தத்தையெல்லாம் பிரிச்சு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி போட்டோ போட்டான். தைச்சது நான். எனக்கு எப்படி இருக்கும்?

— இந்தப் பொண்ணு மட்டும் என்ன செய்யப் போறா?

— இவ வேற மாதிரி. ஒரு பொருளை ஒரு மாசம் வீட்ல வெச்சுப் பார்த்துட்டுதான் எழுதுவா. போன தடவை ஒரு டம்ளரைப் பத்தி எழுதியிருந்தா. எப்படிச் சாய்ச்சாலும் சிந்தாதாம். கை நடுங்குற அவங்க அப்பாவுக்கு வாங்கினது.

— டம்ளரைப் பத்தி எழுத என்ன இருக்கு?

— அப்பா இப்பெல்லாம் தனியா உள்ளே போய்க் குடிக்கிறதில்லை, எங்களோட உட்கார்ந்து குடிக்கிறார்னு முடிச்சிருந்தா. ரெண்டு தடவை படிச்சேன்.

— ம்.

— அதான் சொல்றேன். இவகிட்ட தரம், நியாயம்னு நீட்டி முழக்காதீங்க. உள்ளதைச் சொல்லுங்க. பட்டன் மேல அழகுக்கு, உள்ளே காந்தம், ரெண்டு பக்கத்தையும் கிட்ட கொண்டு போனா தானா ஒட்டிக்கும். கை நடுங்குறவங்களுக்காகத் தைச்சது, முதல் சட்டையே உங்களுக்காகத் தைச்சதுதான்னு சொல்லுங்க.

— அந்தத் தெருவுக்குள்ள மட்டும் வண்டியை விடாதே.

— ஏன்?

— இந்த ரோட்டுல போற பாதி வண்டிக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக் குடுத்தவன் நான். என் கை ஆடுதுன்னு நானே தமுக்கடிக்கணுமா?

— ஊருக்குத் தெரியாததா? காய்கறிக் கடையில சில்லறையைச் சிதற விட்டீங்களே, பொறுக்கிக் குடுத்தது யாரு?

— என் ஸ்டூடண்ட்தான். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம என் கால் மேலேயே ஏத்தினவன். ‘நீங்க நில்லுங்க மாஸ்டர், நான் பார்த்துக்கிறேன்’னான்.

— அன்பாத்தானே சொன்னான்.

— தெரியும். அதைத்தான் தாங்க முடியலை.

— இங்க பாருங்க மாஸ்டர். அலமாரி பூரா சட்டை அடுக்கியிருக்கு. வேணுங்கிறவங்க எங்கேயோ இருக்காங்க, இப்படி ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. இவளும் பதில் போடலைன்னா ஒண்ணாம் தேதியிலேர்ந்து அந்த ரெடிமேட் கம்பெனிக்குப் போயிருவேன். வெளிச்சம் வர்றதுக்குள்ள வேன் வந்துரும்.

— போ. அதான் சட்டை தைச்சுக் குடுத்துட்டியே. நானே மாட்டிக்குவேன். நீ இல்லாட்டியும் வண்டி ஓடும்.

— இது என்ன பேச்சு?

— ஒண்ணுமில்லை.

— எங்கேயோ நூல் சிக்குது. மெஷினை நிறுத்திட்டேன், சொல்லுங்க. அந்தச் சட்டையைக் குடுத்த அன்னைக்கே உங்க முகம் சரியில்லை. தோள் அளவு தப்பிருச்சோன்னு நான் கிடந்து தவிச்சேன்.

— அளவெல்லாம் கச்சிதம்.

— பின்னே?

— சொன்னா சிரிப்பே.

— சிரிக்கலை.

— காலையில அடுப்பு, மெஷின், துணி குடுக்க வர்றவங்கன்னு ஓடிட்டே இருப்பே. உன் முதுகைத்தான் பார்க்க முடியும். எனக்குப் பட்டன் போட்டு விடுறப்போதான் என் முன்னாடி நிப்பே. கீழேருந்து ஒவ்வொண்ணா போட்டுட்டு வருவே. கழுத்துப் பட்டன் வர்றப்போ உன் நெத்தி என் மோவாய்க்கிட்ட வந்துரும். முடியில மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். எனக்கு அங்கேதான் பொழுது விடியும். இந்தச் சட்டை வந்ததுலேர்ந்து, ‘போட்டாச்சா’ன்னு உள்ளேருந்து குரல்தான் வருது.

— மாஸ்டர்...

— சிரிக்க மாட்டேன்னே. அழவும் கூடாது.

— நான் பட்டன் போடுறப்போ நீங்க தலையைத் தொங்கப் போட்டுட்டு நிப்பீங்க. கூச்சப்படுறீங்கன்னு நினைச்சேன். இந்த மனுஷன் இப்படிக் குனிஞ்சு நிக்கக் கூடாதுன்னுதான் துணியையே வெட்டினேன்.

— கூச்சமா? குனிஞ்சாத்தான் உன் முகம் தெரியும். நீ குள்ளம்.

— வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்லை?

— ஒரு சட்டைக்காகத் தூங்காம கொள்ளாம உட்கார்ந்து தைச்சவகிட்ட, இது வேணாம்னு எப்படிச் சொல்றது? அதுவும் நல்ல சட்டை.

— சரியான லூசு நீங்க.

— கண்ணைத் துடைச்சுக்க. நான் துடைச்சு விட வந்தா கண்ணுக்குள்ளேயே விரலை விட்டுருவேன்.

— துடைச்சாச்சு. எதுல விட்டோம்?

— ‘தங்கள் வலைப்பதிவில்’ல... அடடா.

— என்ன?

— மைக் இன்னும் பச்சையாவே எரியுது.

— அப்படின்னா?

— பேசினது பூரா எழுதி வெச்சிருக்கு. ஃப்ரிட்ஜ் கதவு, காய்கறிக் கடை, உன் நெத்தி, என் மோவாய். முற்றுப்புள்ளி கூட அப்படியே இருக்கு.

— பதறாதீங்க. இங்க குடுங்க, அழிச்சிரலாம்.

— நானே அழிக்கிறேன், இரு.

— வேணாம், நீங்க கை வைக்காதீங்க.

— போயிருச்சு.

— எது?

— மெயில். அழிக்கப் போன விரல் அனுப்புறதுல போய் விழுந்துருச்சு.

— அந்தப் பொண்ணுக்கா?

— அவளுக்குத்தான்.

— திருப்பி எடுக்க முடியாதா?

— இதுல ரிவர்ஸ் கியரே இல்லை.

— போச்சு. இருந்ததே இவ ஒருத்திதான். என் நெத்தியும் உங்க மோவாயும் அவளுக்கு எதுக்கு? என்னன்னு நினைப்பா?

— ரெண்டு கிறுக்குங்கன்னு நினைப்பா. என் மேல கோபமா?

— உங்க மேல என்ன கோபம். டீ ஆறிப் போயிருக்கும், சுட வெச்சுத் தரேன்.

— பாதி டம்ளரா ஊத்து.

— முழுசாவே ஊத்தறேன். சிந்தினா சிந்தட்டும், நான் பக்கத்துலதானே உட்காரப் போறேன்.

— டெய்லரம்மா, போன் மினுங்குது.

— யாரு?

— அவதான்.

— அதுக்குள்ளயா? திட்டியிருக்காளா?

— நீயே படி. என் கையில எழுத்து நிக்க மாட்டேங்குது.

— இருங்க, அடுப்பை அணைச்சிட்டு வரேன். குடுங்க. ‘மாஸ்டருக்கும் டெய்லரம்மாவுக்கும் வணக்கம். இது எனக்கு அனுப்ப நினைச்சது இல்லைன்னு தெரியுது, மன்னிச்சிருங்க, முழுசாப் படிச்சிட்டேன். பஸ்ல படிச்சேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துட்டேன்.’

— அப்புறம்?

— ‘உங்களைப் பத்தி நீங்க சொல்லாம ஒரு வரி எழுத மாட்டேன். எங்க அப்பாவுக்கு ஒரு சட்டை அனுப்புங்க. ஒரு மாசம் போட்டுப் பார்த்துட்டுதான் எழுதுவேன், அது என் பழக்கம். அதுவரைக்கும் டெய்லரம்மாவை அந்த வேன்ல ஏற விடாதீங்க.’

— அவ்வளவுதானா?

— இன்னும் ஒரு வரி இருக்கு.

— ஏன் நிறுத்திட்டே? படி.

— ‘கழுத்துப் பட்டனுக்கு மட்டும் காந்தம் வெக்காதீங்க, அதை எங்க அம்மா போட்டு விடட்டும்.’