குளத்து விளக்கை நானே மாட்டினேன்

நீச்சல் குளத்து விளக்கை மாற்றத் தண்ணீரை இறைக்க வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியாது. விளக்குக்குப் பின்னால் சுவர்ப் பொந்தில் ஒயரை நீளமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். மேலே உள்ள ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும், விளக்கை ஒயரோடு இழுத்துக் கரையில் வைத்து வேலை பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்த்தேன்.

என் பெயர் வெண்டல் ஸ்ட்ராட். எழுபத்தொன்பது வயது. படிப்பு ஆறாவதோடு நின்றது. இதே ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுச் சாறு ஆலையில் நாற்பது வருடம் மோட்டார்களோடு மல்லுக்கட்டியவன். லைசென்ஸ் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனை நான் வாசலுக்குள் விட்டதில்லை. ஒன்றைச் சரிசெய்துவிட்டு இரண்டைக் கெடுத்து வைப்பான், திரும்பக் கூப்பிடுவோம் என்று.

என் மகள் லொரெட்டாவின் புருஷன் கிளேட்டன் வேறு ரகம். பன்னிரண்டு வோல்ட் விளக்குதான் போட வேண்டும், மாவட்ட ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும் என்று ஈஸ்டரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வீட்டுக்கு வரும் பழைய நூற்றிருபது வோல்ட்டே போதும் என்றேன்.

"உங்க பிடிவாதத்தை மியூசியத்துல வைக்கணும் மாமா."

"பக்கத்துலயே உங்க வாயையும் வைக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. கூட்டம் வரும்."

லொரெட்டா சிரித்தாள். அந்த நாள் நன்றாகத்தான் இருந்தது.

விளக்கு எரிந்தது. ஆனால் மின்சாரம் கசிந்தால் தானே விழும் சுவிட்ச் ஒன்று உண்டே, அது பத்தாவது நிமிடம் விழுந்தது. தூக்கிவிட்டேன். மறுபடி விழுந்தது. ஆலையில் இப்படி நடந்தால் பெல்ட் நிற்கக் கூடாது என்று அந்தச் சுவிட்சைத் தாண்டி ஒயரைக் கொடுத்துவிடுவோம். மேஸ்திரியே அப்படித்தான் சொல்லுவார். வீட்டிலும் அதையே செய்தேன். பிறகு விழவில்லை.

மறுநாள் தண்ணீரில் நின்றபடி குளத்து இரும்பு ஏணியைப் பிடித்தேன். கை சுர்ரென்றது. வெளியே வந்து விளக்கை அணைத்தேன், கையை விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. போட்டுப் பார்த்தேன், இருந்தது. நாற்பது வருடம் மோட்டாரோடு இருந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து நான் குளத்தில் இறங்கவில்லை. நாய் தண்ணீர் குடிக்க வராதபடி கரையைச் சுற்றிக் கம்பி கட்டினேன். லொரெட்டாவிடம் குளோரின் கூடிவிட்டது, கண் எரியும், இறங்காதே என்று சொன்னேன். என் வீட்டு ஆட்களிடம் நான் அக்கறையில்லாதவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆபீசர்.

ஜூன் முதல் ஞாயிறு கிளேட்டன் தனியாக வந்தார். சமையலறையில் உட்கார்ந்து, காபியைக்கூடத் தொடாமல் பேசினார்.

"வியாழக்கிழமை மாவட்ட ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வயரிங் பார்க்க வர்றார் மாமா. நான்தான் கூப்பிட்டேன். நீங்க இழுத்து வச்சிருக்கிற ஒயரையெல்லாம் பார்த்தா, நீங்க இங்க தனியா இருக்கலாம்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. முதியோர் இல்லத்துல ரூம் சொல்லி வச்சாச்சு. லொரெட்டாவும் சரின்னுட்டா."

நான் கோபப்படவில்லை. காபி ஆறிவிடும், குடியுங்கள் என்றேன். இந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் நான் அடித்தது. இதைவிட்டு வேறு கூரைக்குக் கீழே சாவதாக எனக்கு எண்ணமில்லை.

செவ்வாய்க்கிழமை கிளேட்டன் புல் வெட்ட வந்தார். அதில் குறை சொல்ல முடியாது, மாதம் இருமுறை வந்து வெட்டிக்கொடுப்பார். முடித்ததும் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழுக்குப் போடட்டுமா என்று கேட்டார். குளோரின் சரியாகிவிட்டது என்றேன்.

"விளக்கு அணைஞ்சுதான இருக்கு?"

"அணைஞ்சுதான் இருக்கு."

அதில் பொய்யில்லை. நீங்கள் அவரையே கேட்க முடிந்தால் அவரும் அதைத்தான் சொல்வார். கம்பியை நானே விலக்கிவிட்டேன். அவர் இரண்டு முறை அந்தக் கோடிக்குப் போய் வந்தார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறது மாமா, நீங்களும் வாங்க என்றார்.

விளக்குச் சுவிட்ச் பின்கதவுப் பக்கம் இருக்கிறது. ஆமாம், நான்தான் போட்டேன். குறை சொல்லிக்கொண்டே இருந்த மனுஷர், நான் மாட்டிய விளக்கு எப்படி எரிகிறதென்று ஒரு முறை கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் போட்டேன். வேறெதுவும் என் மனதில் இல்லை.

அப்போது மணி மூன்று இருக்கும். கண்ணைத் திறக்க முடியாத வெயில்.