பெட்டியில் விழும் வரை

என் வலது காதில் இன்னும் கொஞ்சம் பஞ்சு இருக்கிறது ஐயா. கேள்வி சரியாக விழாவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை கேளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறவன் நான். ஒருவர் முன்மொழிகிறார், இன்னொருவர் ஏற்கிறார். இந்த இரண்டும் எந்த நொடியில் உயிர்பெறுகின்றன, எந்த நொடிவரை திரும்பப் பெறலாம் என்பதுதான் என் பாடம். தலை நரைக்கும்வரை நடத்தியாயிற்று. ஆனால் என் கையால் ஓர் ஒப்பந்தம்கூட உருவானதில்லை. வீடு மாமனார் கொடுத்தது. கல்யாணம் அக்கா முடித்துவைத்தது. வேலைக்குக்கூட யாரோ விட்டுப்போன இடத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் அத்தான், அதாவது அக்காவின் கணவர், சனிக்கிழமை சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுத்தார். அடுத்த தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவர்.

"முட்டி ரெண்டும் போச்சு மாப்ளே. கடையை நீயே எடுத்துக்க, முன்னாடி பேசின விலைதான். ஆனா சரின்னு வாயால சொல்லாத. நீ காலையில ஒண்ணு சொல்லுவ, சாயங்காலம் ஒண்ணு சொல்லுவ. நல்லா யோசிச்சு தபால்ல எழுதிப் போடு."

அக்கா சிரித்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தபாலில் ஏற்கச் சொல்லிவிட்டால், கடிதம் பெட்டிக்குள் விழுந்த நொடியிலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும். அது அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் அவர் மனம் மாறினால், அந்தச் செய்தி அதற்குமுன் என்னை வந்து சேரவேண்டும். அவர் அனுப்பினால் போதாது, எனக்குத் தெரியவேண்டும். இத்தனை காலம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த விஷயம், என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடிதத்தை எழுதி முடித்தேன். வீட்டில் தபால்தலை இல்லை. மறுநாள்தான் தபால் நிலையம் திறக்கும். மதியம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "டேய், அவருக்கு மனசு..." என்றாள். வைத்துவிட்டேன். பாதி வாக்கியம் அறிவிப்பு ஆகாது. மனசு நிறைந்திருக்கலாம், மனசு சரியில்லாமலும் இருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் பஞ்சு. மனைவியிடம், யார் எதைச் சொல்லச் சொன்னாலும் என்னிடம் சொல்லாதே என்றேன். "சொன்னா மட்டும் கேட்டுடப் போறீங்களா" என்றாள் என்று நினைக்கிறேன், உதடு அப்படித்தான் அசைந்தது. சாயங்காலம் அத்தானே வந்து தெருவில் நின்று, ஓர் அட்டையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். அது இல்லாமல் எனக்கு எழுத்தும் எறும்பும் ஒன்று. ஜன்னலிலிருந்தே கையாட்டினேன். அவரும் ஆட்டினார். எங்களுக்குள் பகை எதுவும் இல்லை ஐயா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை கடிதத்தோடு இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அத்தான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் முகத்தைச் சுளித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார். பாவம், அந்த முட்டியோடு. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்ற நேரமில்லை. உதட்டில் "வா" என்பது தெரிந்தது. "வா மாப்ளே" என்றும் இருக்கலாம், "வாபஸ்" என்றும் இருக்கலாம். அடுத்த எழுத்து வருவதற்குள் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எதற்கும் தயங்குகிறவன் என்று என்னை எல்லோரும் சொல்வார்கள். அன்று தயங்கவில்லை. இரண்டு கையாலும் அவர் மார்பில் வைத்துத் தள்ளினேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முன்மொழிந்தவர் இறந்துவிட்டார் என்று ஏற்பவருக்குத் தெரிந்துவிட்டால், முன்மொழிவும் அதோடு போயிற்று. தெரியாதவரை நிற்கும். ஆகவே நான் கீழே பார்க்கவில்லை. மேல்கூரையைப் பார்த்தபடி, சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினேன். ஓரிடத்தில் காலை அகல எடுத்துவைக்க வேண்டியிருந்தது. கணுக்காலை ஏதோ பிடித்தது. அது அவர் கை என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். அப்போது எனக்கு அப்படித் தகவல் இல்லை. மெதுவாக விடுவித்துக்கொண்டேன். முதல் மாடித் தையல்காரம்மா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வணக்கம்மா, தபாலுக்கு நேரமாச்சு" என்றேன்.

தபால் நிலையத்தில் வரிசையில்தான் நின்றேன், முண்டியடிக்கவில்லை. தபால்தலை ஒட்டினேன். கடிதம் பெட்டியில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. விரல்நுனி மட்டும் திடீரென்று லேசாகிவிட்டது.

அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, மத்தியானம்தான் இறந்தார் என்று சற்றுமுன் சொன்னீர்கள். நன்றி ஐயா. எனக்கு அது பெரிய ஆறுதல். கடிதம் விழுந்தபோது அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். இனி யாரும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அக்காவை உள்ளே விட்டீர்களே, அதற்கும் நன்றி. இப்போது யார் எதைச் சொன்னாலும் நான் கேட்கலாம். அவள் அழவில்லை. என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கடையைத் தரமாட்டேன்னு அவர் சொல்லவே இல்லடா. தபாலுக்கெல்லாம் நீ அலைய வேணாம், சாவியை இப்பவே குடுத்துடலாம்னு தோணிடுச்சு அவருக்கு. அதைச் சொல்லத்தான் அந்த முட்டியை வெச்சுக்கிட்டு படியேறினார்."

ஆமாம், தள்ளியது நான்தான். கொன்றேன் என்று நீங்கள் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அக்கா சொன்னதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மனமும் ஒன்றுபடாமல் ஒப்பந்தமே கிடையாது என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தருவேன். எனக்கும் அத்தானுக்கும் நடுவே கடைசிவரை ஒரு கருத்து வேறுபாடும் இருந்ததில்லை.