கழுவிக் கொடுத்த ஆட்டு விதை

"ஆட்டு விதைக்கு உத்தரவு தலையிலேருந்துதான் வருது பாய்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாசஞ்சரில், விதைக்கொட்டைகளை ஐஸில் போட்ட தூக்குவாளியை மடியில் வைத்திருந்த ஆராய்ச்சி மாணவி சொன்னாள். பெட்டியில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் திரும்பவில்லை. அவள் எதிரே இருந்தவர் அவளுக்கு விதை கொடுக்கும் கறிக்கடை பாய்.

"தலையிலேருந்தா?"

"மூளைக்கு அடியில இருக்கற சுரப்பி ஹார்மோன் அனுப்பும். அது வந்தாதான் விதையோட செல்லுக்குள்ள சுண்ணாம்புச் சத்து போகும். குட்டிக்கு அந்த ஹார்மோன் கம்மி. அதோட விதையை சிதம்பரத்துல வாங்கறேன். வளந்த கடாவோடது உங்ககிட்ட. உங்களோடதுலதான் சுண்ணாம்பு ஜாஸ்தி. ஹார்மோன்தான் காரணம்னு நாளைக்கு புரொபசர் முன்னாடி அடிச்சுச் சொல்லப்போறேன்."

பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "ரத்தத்தோட உங்க கையில குடுக்க மனசு வரலம்மா. எங்க கிணத்துத் தண்ணியில ஊறவெச்சு, கழுவித்தான் குடுக்கறேன்."

"அது என்ன தண்ணி பாய்?"

"சவர்ப்பா இருக்கும். காய்ச்சினா அண்டாவுல வெள்ளையா சுண்ணாம்பு படியும்."

பரங்கிப்பேட்டை தாண்டும்போது அவள் தூக்கின் மூடியில் பேனாவால் 'கழுவியது' என்று எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாளைக்குப் பேசலன்னு புரொபசர்கிட்ட நானே சொல்லிக்கறேன். சிதம்பரத்துல கழுவாமத்தான் தராங்க; உங்களோடதுல இருக்கற சுண்ணாம்பு கிணத்துலேருந்தே வந்திருக்கலாம். அடுத்த வாரம் கழுவாம குடுங்க பாய். அந்தத் தண்ணியும் ஒரு பாட்டில் வேணும். அதைத்தான் முதல்ல அளக்கணும்."