திரையோர மைக்

— அசையாம நில்லுக்கா, கொக்கி மாட்டிக்கிச்சு. இன்னும் இழுத்தா கவுன் கிழிஞ்சிடும்.

— கிழியட்டும், அதுக்கும் எனக்கும் ஒரே வயசு. நீ பேச்சை மாத்தாத குட்டி. அந்த டைரக்டருக்கு என்ன பதில் சொன்ன?

— முடியாதுன்னு சொல்லப் போறேன். வாசல்ல காத்திட்டிருக்கார்.

— கதாநாயகி வேஷம் குட்டி. முப்பத்தஞ்சு வயசுல உன்னைத் தேடி வந்திருக்கார். அந்த வயசுல எனக்கு ஓட்டல் மேடைதான். நான் உருகி உருகிப் பாடுவேன், எதிர்ல இருக்கிறவன் சூப்புல உப்பில்லன்னு சர்வர்கிட்ட சண்டை போடுவான்.

— அப்படியும் மேல வந்தல்ல?

— வந்தேன். கூட்டத்துல ஒருத்தியா ஆடி, நாடகத்துல வேலைக்காரியா வந்து, தோழியா வந்து, நாப்பத்திரண்டுலதான் போஸ்டர்ல பேர் போட்டாங்க. மறு வருஷமே தொண்டையில கத்தி வச்சாங்க.

— அதைத்தான் நானும் சொல்றேன். குரல் உச்சத்துக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து மூணாவது பாட்டுல அந்த உச்சி வரி வந்தா நீ வாயசைக்கிற, நான் திரையோரமா மைக் முன்னாடி நின்னு பாடுறேன். ஈ காக்காவுக்குத் தெரியாது. நான் போயிட்டா அந்த வரியை யாரு பாடுவாக்கா?

— நானே பாடிக்குவேன்.

— சும்மா இரு அக்கா. தொண்டையைக் கெடுத்துக்கவா?

— இப்ப முடிஞ்ச மத்தியான ஷோவுல பாடினது நான்தான்.

— விளையாடாத. நான்தானே பாடினேன்.

— நீயும் பாடின. நீ ஹெட்போன் மாட்டிட்டு நிப்ப, அதுல வாத்தியம் மட்டும்தான் வரும், நான் பாடுறது உனக்குக் கேக்காது. உன் மைக் ஜனங்க பக்கம் போற ஸ்பீக்கர்ல இல்ல. சவுண்டுக்காரர்கிட்ட சொல்லி மாத்த வச்சிட்டேன்.

— இன்னைக்கு மட்டுமா?

— தொண்டை ஆறினதுலேர்ந்து. இனிமே பாடலாம்னு டாக்டர் சொல்லி நாலு வருஷமாச்சு.

— நாலு வருஷம். நடுவுல ரெண்டு கம்பெனிக்காரங்க வந்து கேட்டாங்க. அக்காவை விட்டுட்டு வர முடியாதுன்னு திருப்பி அனுப்பினேன்.

— தெரியும். ரெண்டு தடவையும் இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். வாயே திறக்கல.

— கண்ணாடியைப் பாத்துப் பேசாதக்கா. என்னைப் பாத்துச் சொல்லு. அப்ப என் குரல் எங்கதான் போச்சு?

— என் காதுக்கு. இதோ, இந்தக் குட்டி ஸ்பீக்கர். காதுக்குள்ள வச்சு மேல முடியை இழுத்து விட்டுக்குவேன். நீ பாடுறது கேட்டா எனக்கும் அந்த உச்சி வந்துடும். கேக்கலன்னா பயத்துல தொண்டை அடைச்சிக்கும்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா நீ போயிடுவ. எனக்கு என் பாட்டுதான் பெருசா இருந்துச்சு குட்டி. அதுல மூடி மறைக்க ஒண்ணுமில்ல.

— இப்ப மட்டும் ஏன் சொல்ற?

— இந்த ஆளையும் நீ திருப்பி அனுப்பிட்டா, இனி ஒருத்தரும் வரமாட்டாங்க. அதான் இன்னைக்கு ஷோவுல இதைக் கழட்டி வச்சிட்டு, உன் குரல் இல்லாம பாடிப் பாத்தேன்.

— உச்சி வந்துச்சா?

— வரல. நீ கிளம்பு.