காகிதப் பையில் போட்டது

— நகராட்சி ஆபீசுல உங்களைத் ‘தராசு’ன்னு கூப்பிடுறதுல தப்பே இல்லங்க. பல் விளக்கவே கடிகாரம் பார்க்கிற மனுஷன், இப்பக் குப்பையையும் நிறுக்க ஆரம்பிச்சாச்சு!

— கணக்குப்படி பார்த்தா, பாட்டிலைக் கழுவி, காகிதத்தை அடுக்கி, வாரத்துல மூணு மணி நேரத்தை நீ வீணாக்குறே. அதை வித்து நகராட்சிக்கு வர்றது வண்டி டீசலுக்கே காணாது. குப்பையைப் பிரிக்கிறது நஷ்டம்னு அறிக்கையில எழுதினேன். மேலிடமும் ஒத்துக்கிட்டாங்க.

— ஒத்துக்கிட்டு, என் தம்பி ஓட்டுற குப்பை வண்டியில பிரிச்சுக்கிட்டிருந்த ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. அது கிடக்கட்டும். ஜன்னல் மேல என் பழைய போன் இருந்துச்சே, பேட்டரி உப்பிப்போய், அது எங்க?

— காலையில காகிதக் குப்பைப் பையில போட்டேன். இனிமே பிரிக்க யார் இருக்கா?

— ஐயையோ! தம்பி வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சே!

— அதுக்கு ஏன் முகம் இப்படி வெளுத்துப்போகுது?

— வண்டிப் பின்னாடி மிஷின் குப்பையை அமுக்கும்ங்க! உப்பின பேட்டரி நசுங்கினா குபீர்னு பத்திக்கும்னு தம்பி இதே நாற்காலியில உட்கார்ந்து சொன்னான். நீங்க பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கினாத்தானே!

— இதுக்கு முன்னாடியும் பேட்டரி போயிருக்குமே. ஒண்ணும் ஆகலையே?

— முன்னாடி, அமுக்குறதுக்குள்ள பொறுக்கி எடுக்க ரெண்டு பேர் இருந்தாங்க.

— …அவனுக்குப் போன் போடு. உடனே.

— அடிக்குது… எடுடா… எடு… தம்பி! எங்கடா இருக்கே?

— என்னக்கா, காலங்காத்தால பாசம் பொங்குது? பள்ளிக்கூடச் சந்துல மாட்டிக்கிட்டேன். ரெண்டு பக்கமும் பிள்ளைங்க. வண்டி ஆமையா நகருது.

— மிஷினை அமுக்கினியா?

— ரெண்டு தடவை. அப்போலேர்ந்து ஒரு கருகல் நாத்தம். பிரேக்குன்னு நினைச்சேன்.

— இப்படிக் குடு, ஸ்பீக்கர்ல போடு. மச்சான், நான்தான். மறுபடி அமுக்காதே. உள்ள ஒரு பேட்டரி இருக்கு.

— மாமா… கண்ணாடியில புகை தெரியுது.

— பக்கத்துல காலி இடம் எது?

— முனையில விளையாட்டுத் திடல். ஆனா வழியில கொட்டினா என் வேலை போயிடும். நீங்க எழுதின விதிதானே மாமா!

— நான் சொன்னேன்னு சொல்லு. கொட்டு!

— ஏங்க, அவன் சத்தத்தையே காணோம். ஹாரன்தான் கேட்குது. பிள்ளைங்க கத்துதுங்க…

— இரு. லைன் அறுந்து போகல.

— தம்பி! டேய், பேசுடா!

— கொட்டிட்டேன்க்கா. கொட்டின உடனே ஆள் உயரத்துக்கு எரியுது. தீயணைப்புக்குச் சொல்லியாச்சு. பிள்ளைங்க எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். எந்தப் புண்ணியவான் வீட்டுப் பைன்னு மட்டும் தெரியட்டும், மாமா…

— ஏங்க, வேண்டாம். சொன்னா உங்க வேலையும்…

— எங்க வீட்டுப் பை, மச்சான். நான்தான் போட்டேன். அதை எழுதிக் குடுத்துட்டு, அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கப் போறேன்.